குறைத்த கிலோமீட்டர்

மீட்டரக்காவின் கடை அவள் தம்பியின் கார் பட்டறையை ஒட்டிப் பத்தடி அகலத்தில் இருந்தது. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் தம்பி சுத்தியலால் அடித்தால் இந்தப் பக்கம் அவளுடைய திருகாணிகள் டப்பாவுக்குள் துள்ளும். காரின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வேகத்தையும் பெட்ரோலையும் ஓடிய தூரத்தையும் காட்டுகிற மீட்டர் பெட்டி இருக்கிறதல்லவா, அதைப் பழுது பார்ப்பது அவள் தொழில். முள் அசையவில்லை, விளக்கு எரியவில்லை, கண்ணாடி விரிசல் விட்டது என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். பதினோரு வருடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் மளிகைக் கடைக்காரருக்குக்கூட மறந்துவிட்டது.

அவள் இன்னொரு வேலையும் செய்தாள். அதைப் பலகையில் எழுதி மாட்டவில்லை.

பழைய கார் விற்கிறவர்கள் அந்த வேலைக்குக் காரைக் கொண்டுவர மாட்டார்கள். மீட்டரை மட்டும் கழற்றி, துண்டில் சுற்றி, துணிப்பையில் போட்டு அனுப்புவார்கள். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மீட்டர் அவள் மேஜையில் அரை மணி நேரம் படுத்திருந்தால் போதும், ஐம்பதாயிரம் மட்டுமே ஓடியதாக எழுந்து போகும். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு உண்டு. அதிலிருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரில் படித்து, வேறு எண்ணை எழுதி, மூடித் திருகிவிட்டால் முடிந்தது. காரை அவள் கண்ணால்கூடப் பார்க்க மாட்டாள், அதை யார் வாங்குகிறார்கள் என்றும் கேட்க மாட்டாள். ‘நான் எண்ணைத்தான் மாத்துறேன், பொய்யச் சொல்றது விக்கிறவன்’ என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ள மனிதர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. சில்லு சில சமயம் புது எண்ணை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். அப்போது பழைய எண்ணைத் திரும்பக் கொடுத்தால்தான் மீட்டருக்கு உயிர் வரும். அதனால் எண்ணைக் குறைப்பதற்கு முன்னால் உண்மையான எண்ணை எங்கேயாவது குறித்துவைத்தாக வேண்டும். மற்றவர்கள் போனில் குறிப்பார்கள். அவள் மீட்டருக்குள்ளேயே, முட்கள் சுழலும் வெள்ளைத் தட்டின் பின்பக்கத்தில், பென்சிலால் சின்னதாக எழுதிவிடுவாள். மீட்டர் எங்கே போனாலும் அதன் எண் அதனுடனே போகும், தேட வேண்டியதில்லை. அந்த இடத்தைத் திறந்து பார்க்கிற ஆள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் தம்பி கையைத் துணியில் துடைத்தபடி தடுப்பைச் சுற்றி வந்தான். இன்னொரு கையில் கண்ணாடி நொறுங்கிய மீட்டர் ஒன்று இருந்தது.

“அக்கா, இதுக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடு. என் அனுபவத்துல இப்படி ஒரு வண்டிய நான் பாத்ததில்ல.”

“என்னாச்சு?”

“டைமிங் பெல்ட் அறுந்துபோச்சு. மேம்பாலத்துல ஏறும்போது இன்ஜின் அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி வந்த லாரிக்காரன் எவ்வளவோ பிரேக் அடிச்சும் இடிச்சிட்டான். ஓட்டுனது ஒரு நர்ஸு. தோள்பட்ட எலும்பு முறிஞ்சு, தான் வேல பாக்குற ஆஸ்பத்திரியிலயே படுத்திருக்காங்க.”

டைமிங் பெல்ட் என்பது இன்ஜினுக்குள் ஓடும் ரப்பர் பட்டை. உட்புறம் முழுக்கப் பல் வெட்டியிருக்கும். லட்சம் கிலோமீட்டருக்குள் அதை மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் அறுந்து இன்ஜினையே கொன்றுவிடும். இது தம்பி அவளுக்கு நூறு தடவை சொன்ன பாடம்.

“வண்டி அம்பத்தஞ்சாயிரம்தான் ஓடியிருக்கு,” என்றான் தம்பி. “அதுக்குள்ள எப்படி அறுவும்? பெல்ட் செஞ்சவன் ஏதோ மட்ட ரப்பரப் போட்டிருக்கான். நான் விடப்போறதில்ல. அந்த நர்ஸம்மாவுக்கு ஒரு நியாயம் கெடைக்கிற வரைக்கும் அந்தக் கம்பெனிய உலுக்கி எடுத்துடறேன்.”

தம்பி அப்படித்தான். அடுத்தவருக்கு நடந்த அநியாயத்துக்குத் தன் வீட்டில் திருட்டுப்போனது போலக் குதிப்பான். மீட்டரைக் குறைத்து விற்கிற ஆட்கள் அவன் பட்டறை வாசலில்கூட நிற்க மாட்டார்கள். தகரத்துக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய துணிப்பைகள் வந்து போவதை அவன் பழுதுவேலை என்றே நம்பியிருந்தான். அக்காவைச் சந்தேகப்படுவது அவன் புத்திக்கு எட்டாத காரியம்.

அவன் அந்தப் பக்கம் போனதும் அவள் மீட்டரைத் திறந்தாள். உடைந்த கண்ணாடியை எடுத்தாள். முட்களைக் கழற்றி வெள்ளைத் தட்டைத் தூக்கித் திருப்பினாள். பின்பக்கத்தில் அவளுடைய கையெழுத்து இருந்தது: 1,62,310. அவள் 2 என்று எழுதினால் அதன் வால் கொஞ்சம் நீளும். இந்த 2-க்கும் வால் நீண்டிருந்தது.

இந்த மீட்டர் எப்போது வந்தது என்பது உடனே நினைவுக்கு வந்தது. நான்கு மாதம் முன்பு, ‘பளபளா’ என்று எல்லாரும் கூப்பிடுகிற கார் வியாபாரி அனுப்பியது. மருந்துக் கம்பெனி ஒன்று தன் விற்பனை ஆட்கள் ஓட்டித் தள்ளிய வண்டிகளை மொத்தமாகக் கழித்துக் கட்டியபோது அவர் எடுத்தது. ஒரு மீட்டர் அல்ல, இரண்டு. இரண்டும் ஒரே துண்டில் சுற்றி வந்தன.

ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால் அவள் மென்று விழுங்கியிருப்பாளோ என்னவோ, அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பத்து நிமிடத்தில் புதுக் கண்ணாடி போட்டு, அந்த எண்ணை ரப்பரால் அழித்து, தம்பியிடம் கொடுத்திருக்கலாம். பெல்ட் கம்பெனி எங்கேயோ இருக்கிறது, நாலு வசவு வாங்கினால் தேய்ந்துபோகாது. ஆனால் அந்த இரண்டாவது வண்டி இந்த நிமிடம் ஏதோ ஒரு சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிற ஆள் மீட்டரைப் பார்த்து, பெல்ட் மாற்ற இன்னும் நாள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியைக் கொடுத்தது அவள். அதற்கு மேல் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றிப் போனாள்.

தம்பி வாங்கிப் பார்த்தான். “இது என்ன நம்பர்?”

“அந்த வண்டி நெசமா ஓடுனது.”

“யார் எழுதுனது?”

“நான்தான். கொறச்சதும் நான்தான்.”

அவன் தட்டைப் பார்த்தான், தகரத் தடுப்பைப் பார்த்தான். “அங்க உக்காந்தா? நான் இந்தப் பக்கம் இருக்கும்போதேவா?”

“ஆமா.”

“எத்தன நாளா?”

“கடை தொறந்த ரெண்டாவது மாசத்துலேர்ந்து.”

அவன் தட்டை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“இதோட இன்னொரு வண்டியும் வந்துச்சுடா,” என்றாள். “அதே கம்பெனி, அதே மாடல். இதுல பெல்ட் மாத்தலன்னா அதுலயும் மாத்தியிருக்க மாட்டாங்க. அது ஒரு லட்சத்து எழுவத்தோராயிரம் ஓடியிருந்துச்சு.”

சுத்தமாக இருந்த கையை அவன் மறுபடியும் துடைத்தான். “அப்ப போய் அதத் தேடு,” என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் பளபளாவின் கார் சந்தைக்குப் போனாள். கம்பி வேலிக்குள் முப்பது கார்கள் மெழுகு பூசி மின்னிக்கொண்டிருந்தன. அவருடைய வழுக்கைத் தலையும் அதே கணக்கில் மின்னியது, பெயருக்குக் காரணம் எது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒவ்வொரு கார் கண்ணாடியிலும் ஓர் அட்டை. ‘ஒரே ஓனர்’ என்றது ஒன்று, ‘டாக்டர் ஓட்டியது’ என்றது இன்னொன்று. அட்டைகளை நம்பினால், அந்த ஊர் டாக்டர்கள் கார் வாங்குவதும் விற்பதும் தவிர வேறு வேலை பார்த்ததாகத் தெரியவில்லை.

“வாங்க மீட்டரக்கா. சொல்லியிருந்தா ஆளையே அனுப்பியிருப்பேனே.”

“அந்த ரெண்டு மருந்துக் கம்பெனி வண்டியில ஒண்ணு மேம்பாலத்துல நின்னு, ஓட்டுனவங்க ஆஸ்பத்திரியில கெடக்கறாங்க. இன்னொண்ண யாருக்கு வித்தீங்க?”

“எந்த ரெண்டு?”

“ஒரே துண்டுல சுத்தி அனுப்புனீங்களே, அது. ரெண்டுக்கும் ஒரே மாதிரி நம்பர் போடாதீங்க, கண்ண உறுத்தும்னு சொன்னீங்களே, அது.”

பளபளா சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “வாங்குனவங்க விலாசத்தையெல்லாம் வெளிய குடுக்கறதில்லக்கா. தொழில் நாணயம்னு ஒண்ணு இருக்குல்ல?”

அந்தச் சொல் எந்த வழியாக அந்த வேலிக்குள் நுழைந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. வாதாடவும் இல்லை. ஆபீஸ் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கேட் அருகில் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். உள்ளே ஒரு சிவப்புக் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யோசிப்பதற்காக வாசல் பக்கம் ஒதுங்கினார்கள்.

“மீட்டர்ல எவ்வளவு காட்டுது?” என்று மீட்டரக்கா கேட்டாள்.

“நாப்பத்தோராயிரம்,” என்றான் கணவன். “நீங்க இங்க வேல பாக்கறீங்களா?”

“இவருக்கு மீட்டர் கொறச்சுக் குடுக்கறவ நான்தான். நீங்க பாத்த வண்டி எதுன்னு எனக்குத் தெரியாது, எங்கிட்ட மீட்டர் மட்டும்தான் வரும். ஆனா இங்க நிக்கறதுல பாதிக்கு நம்பர் போட்டது என் கைதான். வாங்கறதா இருந்தா டைமிங் பெல்ட்ட தொறந்து பாத்துட்டு வாங்குங்க.”

அவன் சிரித்தான், விளையாடுகிறாள் என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை. மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் வந்த வழியே போனார்கள்.

அடுத்து வந்த பெரியவர் அவள் சொன்னதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, சில்லு என்றால் என்ன, எங்கே இருக்கும் என்று இரண்டு கேள்வியும் கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தது டாக்சி ஓட்டுகிற பெண் ஒருத்தி. அவள் கேட்டில் நின்றபடியே யாருக்கோ போன் போட்டு, “இங்க வராத, இங்க ஒரு அக்கா உக்காந்து உண்மையச் சொல்லிக்கிட்டிருக்கு,” என்றாள்.

பளபளா தானே டீயோடு வந்தார். “என்னக்கா இது? உங்களுக்கும் சேத்துத்தான குழி வெட்டறீங்க?”

“தெரியும். நின்னுக்கிட்டு வெட்டுனா கால் வலிக்கும்னுதான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்.”

“போலீஸக் கூப்பிடட்டுமா?”

“கூப்பிடுங்க. அவங்ககிட்டயும் இதேதான் சொல்லுவேன். அவங்க எழுதியே வச்சுக்குவாங்க.”

“இத்தன வருஷம் என் கையால சம்பாதிச்சு…”

“அத ஒண்ணும் நான் மறுக்கலயே,” என்றாள். “வெக்கமாத்தான் இருக்கு. வெக்கப்படறத அப்புறம் வச்சுக்கறேன், இப்ப விலாசம் வேணும்.”

டீயை அவள் தொடவில்லை. நான்காவதாக ஒரு குடும்பம் கேட்டில் தயங்கி நின்றபோது பளபளா ஆபீசுக்குள் போய், ஒரு சீட்டோடு திரும்பி வந்து அவள் மடியில் போட்டார். “இதோட நம்ம உறவு முடிஞ்சுது. இனிமே ஒரு மீட்டர் உங்க கடைக்கு வராது.” அவள் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். கேட்டில் நின்ற குடும்பத்திடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்கினாள்.

விலாசம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது. கடை அன்று விடுமுறை என்பதால் வீட்டிலேயே இருந்தார். கார் வாசலில் இல்லை. அவர் மனைவி அச்சகம் ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறாளாம், நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் போய்வரக் கார் அவளிடம்தான் இருக்கிறதாம். ஐந்து மணிக்கு வருவாள் என்றார். மீட்டரக்கா எதிர்ச்சுவர் நிழலில் நின்று அந்தத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மணி நேரத்தில், எங்கோ தொலைவில் லாரி பிரேக் அடித்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்கு உயிர் போய் வந்தது.

ஐந்தேகாலுக்குக் கார் வந்தது. அதிலிருந்து இறங்கிய பெண் முழுசாக, கைகால் நன்றாக, சாப்பாட்டுப் பையோடு இறங்கினாள். மீட்டரக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள், ஒன்றையும் பூசி மெழுகாமல்.

கடைக்காரர் கடைசிவரை கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். “உங்க தம்பி கார் மெக்கானிக்குன்னு சொன்னீங்க இல்ல?”

“ஆமாங்க.”

“அக்கா வீடு வீடாப் போய் பயமுறுத்துவாங்க. தம்பி பின்னாடியே வந்து பெல்ட் விப்பாரு. நல்ல குடும்பத் தொழில்தான். ஆனா என் காதுல பூ சுத்த முடியாதும்மா, பொடி எழுத்தப் படிக்கச் சொல்லியே பொழைக்கிறவன் நான்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. பதினோரு வருடம் பொய் எண்ணைப் போட்டபோது அத்தனை பேர் நம்பினார்கள். முதல் தடவையாக உண்மையைச் சொல்ல வந்தால் ஏமாற்றுக்காரி என்கிறார்கள். சரி, அதுவும் நியாயம்தான் என்று பட்டது.

“பத்து நிமிஷம் குடுங்க,” என்றாள். “எங்கிட்ட இந்த ஸ்க்ரூடிரைவர் மட்டும்தான் இருக்கு. ரெண்டு கையையும் பாத்துக்குங்க. மீட்டரக் கழட்டி உங்க கண்ணு முன்னாலயே தொறக்கறேன். உள்ள ஒரு தட்டு இருக்கும், அதுக்குப் பின்னாடி பென்சில்ல ஒண்ணு ஏழு ஒண்ணு ஒம்பது நாலு ஆறுன்னு எழுதியிருக்கும். இல்லன்னா நீங்க சொல்ற பேச்செல்லாம் கேட்டுக்கிட்டு நான் போயிடறேன்.”

“பாக்கட்டுமே,” என்றாள் அவர் மனைவி. “நமக்கு என்ன போச்சு?”

மீட்டரக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பேட்டரி இணைப்பை எடுக்கச் சொன்னாள். ஸ்டீயரிங்குக்கு மேலிருந்த மூடியைக் கழற்றி, இரண்டு திருகாணியை எடுத்து, மீட்டரை வெளியே இழுத்தாள். வாசல் படியில் ஒரு துணியை விரித்து அதில் வைத்துத் திறந்தாள். முட்களைச் சுழற்றித் தூக்கினாள். தட்டைத் தான் திருப்பாமல் கடைக்காரரிடம் நீட்டினாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தட்டைத் திருப்பினார். ஒரு லட்சத்து எழுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. விரலால் தடவிப் பார்த்தார். பழைய பென்சில், தூசி படிந்து கொஞ்சம் மங்கியிருந்தது. அவர் முகத்திலிருந்த கிண்டல் வடிந்துபோயிற்று.

“படுபாவி,” என்றார். பளபளாவையா, எதிரே நின்றவளையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவள் இரண்டுக்கும் சேர்த்தே வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி நின்று தம்பிக்குப் போன் போட்டாள். “வண்டி கெடச்சிருச்சு. பெல்ட்ட தொறந்து பாக்கணும்,” என்று விலாசத்தைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டான்.

அதற்குள் கடைக்காரர் வாசலில் நாலு நடை நடந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “இங்க பாருங்க. பெல்ட்ட மாத்திடலாம், அத நான் மறுக்கல. ஆனா நம்பர் இருக்கறபடியே இருக்கட்டும்.”

“ஏங்க?”

“நாளைக்கு நானும் இத விக்கணும் இல்ல? லட்சத்து எழுவதுன்னு காட்டுனா எவன் வாங்குவான்? நான் ஏமாந்தது போதாதுன்னு நட்டமும் நானே படணுமா?”

வாங்கியபோது ஏமாந்தவர், விற்கும்போது ஏமாற்றுகிறவராக அங்கேயே, மீட்டரக்காவின் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருந்தார். அதற்கும் அவள் போட்ட எண்தான் வழி செய்து கொடுத்திருந்தது. “நம்பர மாத்தாம நான் மீட்டர மாட்ட மாட்டேங்க,” என்றாள்.

“என் மீட்டரு. மாட்ட மாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?”

“கொறச்சவ. ஏத்த வேண்டியதும் நான்தான்.”

வார்த்தை தடிக்கும் நேரத்தில் தம்பி பைக்கில் வந்து இறங்கினான். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, அக்காவைப் பார்க்கவும் இல்லை. கருவிப் பெட்டியைத் திறந்து இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றத் தொடங்கினான். அரை மணி நேரம் கழித்து டார்ச்சை அடித்து, “யார் ஓட்டறீங்களோ அவங்க வந்து பாருங்க,” என்றான்.

கடைக்காரரின் மனைவி குனிந்து பார்த்தாள். பட்டை முழுக்கக் காய்ந்த குளத்து மண் மாதிரி வெடித்திருந்தது. தம்பி அதை மெல்ல நகர்த்தினான். ஓர் இடத்தில் மூன்று பல் இல்லவே இல்லை.

“இது இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்கும்?” என்று கேட்டாள்.

“இங்க வரைக்கும் வந்ததே பெரிசும்மா.”

அவள் நிமிர்ந்தாள். “நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு இதுலதான் கெளம்பியிருப்பேன்,” என்றாள் கணவனிடம். “நம்பரப் பத்தி என்னமோ சொல்லிக்கிட்டிருந்தீங்களே. நம்ம விக்கிற அன்னிக்கு வாங்கறவளும் ஏழு மணிக்குத்தான் கெளம்புவா. அவ வீட்டுக்கு யார் வந்து சொல்லுவாங்க? நீங்க போவீங்களா?”

கடைக்காரர் படிக்கிற கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். “ஏத்தச் சொல்லு,” என்றார்.

அவள் மீட்டரக்கா பக்கம் திரும்பினாள். “உங்கமேல எனக்குக் கோவம் இல்லன்னு நெனச்சுக்காதீங்க. நெறையவே இருக்கு. நீங்க செஞ்சத, யார் செய்யச் சொன்னாங்கங்கறத, அத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அந்த வியாபாரிகிட்ட நான் வண்டியத் திருப்பிக் குடுக்கப் போறேன்.”

“குடுக்கறேன்,” என்றாள் மீட்டரக்கா. “அந்த நர்ஸம்மாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறேன்.” அவள் அந்த வீட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து எழுதினாள். தன் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

காரைக் கயிறு கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் தம்பி பழைய பெல்ட்டைக் கழற்றிக் கீழே போட்டிருந்தான். தகரத்துக்கு இந்தப் பக்கம் அவள் கணக்குப் போட்டாள். கார் வாங்கிய சீட்டின்படி, குறைத்து வைத்தது 48,317. இப்போது காட்டுவது 50,502. அந்த வீட்டுக்காரி ஓட்டியது 2,185. அதை உண்மையான எண்ணோடு கூட்டினாள், தப்பாகிவிடக் கூடாதென்று இரண்டாம் முறையும் கூட்டினாள். சில்லில் எழுதினாள். பதினோரு வருடத்தில் ஓர் எண்ணை அவள் ஏற்றுவது இதுதான் முதல் தடவை. குறைப்பதைவிட ஒரு நிமிடம்கூட அதிகம் ஆகவில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு மீட்டரை எடுத்துப் போய்க் காரில் பொருத்தினாள். தம்பி புதுப் பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிபார்த்து, மூடியை மாட்டி, கையைக் காட்டினான். அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரே பிடியில் உறுமி அடங்கிச் சீராக ஓடியது. முட்கள் எழுந்தன. கீழே 1,74,131 என்று வந்தது.

தம்பி கதவோரம் வந்து குனிந்து அந்த எண்ணைப் படித்தான். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

“இன்னும் எத்தன?”

அவள் இன்ஜினை நிறுத்தினாள். பொய் சொல்ல வாய்ப்பே இல்லாத இடத்தில் இருந்தாள், சொல்ல விருப்பமும் இல்லை. “மாசத்துக்கு ரெண்டு, மூணு. பதினோரு வருஷம். நீயே கணக்குப் போட்டுக்கோ.”

அவன் போட்டான். உதடு அசைவது தெரிந்தது. பிறகு காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தான். அவள் இறங்கவில்லை, திட்டு வரட்டும் என்று காத்திருந்தாள்.

“எல்லா வண்டிலயும் பெல்ட் கெடையாது,” என்றான் கடைசியில். “செல மாடல்ல செயின்தான் இருக்கும், அது அவ்வளவு சீக்கிரம் அறுவாது. மீட்டரப் பாத்தா எந்த மாடல்னு உனக்குத் தெரியும் இல்ல?”

“தெரியும்.”

அவன் பட்டறை மேஜையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்து ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தான்.

“பெல்ட் வண்டியெல்லாம் மொதல்ல எழுது.”